சோபாவின் முதுகில் நிற்கும் குட்டி

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் அடுக்குமாடிக்கு ஏற்ற நாய்கள் பற்றி வந்த பக்கத்தில் இத்தாலியன் கிரேஹவுண்டையும் சேர்த்திருந்தீர்கள். சின்ன உடம்பு, முடி அவ்வளவாகக் கொட்டாது, அதிகம் குரைக்காது, எனவே ஃபிளாட்டுக்குப் பொருத்தம் என்று எழுதியிருந்தது. மூன்றும் உண்மைதான். ஆனால் கூடவே போட்டிருந்த படத்தில் நான்கைந்து மாதக் குட்டி ஒன்று சோபாவின் முதுகுச் சாய்வில் ஏறி நிற்கிறது. கீழே பளபளவென்று டைல்ஸ் தரை. இந்த இனத்தைத் தெரிந்தவர்களுக்கு அந்தப் படம் வயிற்றைக் கலக்கும்.

வளர்ந்த இத்தாலியன் கிரேஹவுண்டின் தோள் உயரம் 32 முதல் 38 செ.மீ. எடை 5 கிலோவைத் தாண்டக் கூடாது என்கிறது சர்வதேச இன வரையறை. சோபாவின் இருக்கையே 45 செ.மீ. உயரம், முதுகுச் சாய்வு 80 செ.மீ.க்கு மேல். அதாவது தன் தோளைப்போல இரண்டு பங்குக்கு மேல் உயரமான இடத்திலிருந்து அது குதிக்கப் போகிறது. குதிக்கும் நாய் முன்னங்கால்களில்தான் வந்து இறங்கும். அந்த முன்னங்காலின் இரட்டை எலும்பில் பெரியதுகூட ஏறக்குறைய பென்சில் கனம். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, எலும்பின் கடைசி மூன்றில் ஒரு பங்கில், சதை கிடையாது. தோலும் நரம்பு நாணும்தான். மோதும் வேகத்தைத் தாங்கிக்கொள்ள மெத்தை இல்லாத இடம் அது. முறிவதும் பெரும்பாலும் அங்கேதான்.

முறிந்தால் என்ன, மாவுக்கட்டு போட்டால் சேர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் நம்மிடையே அதிகம். மனிதக் குழந்தைக்கு அது சரி. சிறு இன நாய்களுக்கு அந்தப் பகுதியில் எலும்புக்குப் போகும் நுண் ரத்தக் குழாய்கள் குறைவு. வெறும் கட்டுக்குள் முறிந்த முனைகள் அசைந்துகொண்டே இருக்கும். இரண்டும் சேர்ந்தால் எலும்பு ஒட்டாமலே போகும், அல்லது கோணலாக ஒட்டும். ஒட்டாத முனைகள் நாளாக ஆகக் கரைந்து மெலிவதும் உண்டு. அப்புறம் அறுவை செய்யப் போனால் ஸ்க்ரூ பிடிக்க எலும்பு இருக்காது. அதனால் இந்த இனத்துக்கு முதல் சிகிச்சையே பிளேட் வைத்து ஸ்க்ரூ போடுவதுதான். ஸ்க்ரூவின் குறுக்களவு ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டர். அத்தனை சிறிய கருவிகளை வைத்துக்கொண்டு பழகியவர் எல்லா ஊரிலும் இல்லை. செலவு ஐந்திலக்கத்தைத் தொடும். அதன் பிறகு ஆறு முதல் எட்டு வாரம் கூண்டுக்குள் ஓய்வு, நடுவில் எக்ஸ்ரே. ஓடவே பிறந்த நாயை எட்டு வாரம் கூண்டில் வைத்திருப்பது அறுவையைவிடக் கஷ்டம் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

ஆபத்து ஆயுள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. நான்கு மாதத்திலிருந்து ஒரு வயது வரைதான் உச்சம். எலும்பு நீண்டுவிட்டது, கெட்டிப்படவில்லை, குட்டிக்கோ தன்னால் எதுவும் முடியும் என்ற எண்ணம். ஒன்றரை வயதைத் தாண்டிவிட்டால் பயம் பாதியாகக் குறையும். ஆகவே இந்த நாய் எனக்குச் சரிப்படுமா என்று யோசிப்பவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது வீட்டின் சதுர அடியை அல்ல. அந்த ஓராண்டுக்கு, குட்டி விழித்திருக்கும் நேரமெல்லாம் அதன்மேல் ஒரு கண் வைக்க வீட்டில் ஆள் உண்டா என்பதைத்தான்.

ஆள் உண்டு என்றால் வீட்டைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். டைல்ஸும் கிரானைட்டும் வழுக்கும். ஓடிவந்து திரும்பும் இடங்களில், அதாவது சோபாவுக்கு முன், கட்டிலைச் சுற்றி, ஹாலிலிருந்து சமையலறைக்குத் திரும்பும் மூலையில், அடியில் ரப்பர் பிடிப்புள்ள விரிப்பு போட வேண்டும். கோரைப்பாய் உதவாது, பாயோடு சேர்ந்து நாயும் வழுக்கிக்கொண்டு போகும். பழைய யோகா மேட் நன்றாக வேலை செய்யும். சோபாவுக்கும் கட்டிலுக்கும் சாய்தளமோ அகலமான படியோ வைத்து, குட்டி வந்த முதல் வாரத்திலேயே அதில் ஏறி இறங்கப் பழக்க வேண்டும். குதிக்கக் கற்றுக்கொண்ட பிறகு படியை வைத்தால் அதைத் தாண்டித்தான் குதிக்கும். நகம் தரையில் டக்டக்கென்று கேட்டால் நீளம் அதிகம் என்று பொருள். வாரம் ஒருமுறை நுனியை எடுத்துவிட வேண்டும்.

தூக்கும் முறையும் முக்கியம். ஒரு கை மார்புக்குக் கீழே, இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவில் விரல்கள் போகும்படி. மறு கை பின்பக்கத்தை ஏந்தியபடி. நாயின் உடம்பு நம் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். இறக்கிவிடும்போது நான்கு பாதமும் தரையில் பட்ட பிறகுதான் கையை எடுக்க வேண்டும். அரையடி இருக்கும்போதே திமிறிக் குதிக்கும், அங்கேதான் பல கால்கள் போகின்றன. எட்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த நாய் வேண்டாம் என்று தயங்காமல் சொல்லலாம். குழந்தை முரடு என்பதல்ல காரணம். ஆசையாக எடுத்துக் கொஞ்சும், அதே ஆசையோடு நழுவவிடும். வீட்டில் ஏற்கெனவே லேப்ரடார் இருந்தாலும் யோசிக்க வேண்டும். முப்பது கிலோ நாய் விளையாட்டாக வைக்கும் பாதம் போதும்.

எலும்பு பலவீனம் என்றதும் கால்சியம் டானிக் வாங்கி ஊற்றுவது நம் வழக்கம். குட்டிகளுக்கான நல்ல தீவனம் தின்னும் குட்டிக்கு அது தேவையே இல்லை, அதிகமானால் எலும்பு வளர்ச்சியைத்தான் கெடுக்கும். இதற்கு நேர்மாறான தவறும் நம் வீடுகளில் உண்டு: மூன்று வேளையும் சோறும் கோழி ஈரலும், அல்லது எலும்பில்லாத இறைச்சி மட்டும். இறைச்சியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. ரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடம்பு தன் எலும்பிலிருந்தே அதை உருவி எடுத்துக்கொள்ளும். அப்படி வளர்ந்த குட்டிக்குக் கால் முறியச் சோபாவும் வேண்டாம், வாசற்படியே போதும். வளர்ந்த 4 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 280 முதல் 300 கலோரி தேவை. உலர்தீவனமாகக் கணக்கிட்டால் 75 முதல் 85 கிராம், இரண்டு வேளையாகப் பிரித்து. குட்டிக்கு மூன்று நான்கு வேளை. கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தோலுக்கடியில் கோடாகத் தெரிவதுதான் இந்த இனத்தின் சரியான உடம்பு. பார்க்க வருகிற உறவினர்கள் பட்டினி போடுகிறீர்களா என்று கேட்பார்கள். அதற்காகக் கூடுதலாக ஊட்டும் ஒவ்வொரு பிடியும் அந்தப் பென்சில் கால்கள் சுமக்க வேண்டிய எடை.

கால் முறிவுக்கு அடுத்து, இந்த நாயைத் திருப்பிக் கொடுக்கத் தோன்றவைக்கும் காரணம் மூத்திரம். நாகரிகமாக மறைக்க ஒன்றுமில்லை. வெளியே போய் ஒன்றுக்கு இருந்துவிட்டு வரும் பழக்கம் இந்த இனத்துக்குத் தாமதமாக வரும், சிலவற்றுக்கு முழுதாக வருவதே இல்லை. ஈரத்தையும் குளிரையும் அதற்கு அடியோடு பிடிக்காது. அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டால் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் இருந்துவிடும். இதோடு சண்டை போடுவது வீண். பால்கனியில் மழைச்சாரல் படாத மூலையில் செயற்கைப் புல் தட்டோ பேடோ வைத்து அதையும் பழக்கிவிடுவதே புத்திசாலித்தனம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடத்திலும், விளையாடி முடித்ததும் அங்கே கூட்டிப்போக வேண்டும். மூன்று மாதக் குட்டிக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். இருந்து முடித்த அந்த நொடியிலேயே தின்பண்டம். உள்ளே வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குத்தான் பரிசு என்று புரிந்துகொள்ளும்.

திட்டினால் காரியம் கெடும். மிக மெல்லிய மனசுள்ள நாய் இது. குரலை உயர்த்தினாலே பதுங்கும். மூக்கைத் தேய்த்துத் தண்டித்தால் அது கற்றுக்கொள்வது ஒன்றுதான்: உங்கள் கண்முன் ஒன்றுக்கு இருக்கக் கூடாது, அலமாரிக்குப் பின்னால் இருக்கலாம். எட்டு மாதம், பத்து மாதம், ஓராண்டு என்று துடைத்துக்கொண்டே பொறுமையாக இருக்க முடியாதவர்களுக்கும், பூஜையறையும் ஆசாரமும் கறாராக உள்ள வீடுகளுக்கும் இது ஒத்துவராது. இதில் தப்பொன்றுமில்லை, தெரிந்து விலகுவது நாய்க்கும் நல்லது.

சின்ன நாய்தானே என்பதால் வரும் இன்னொரு ஏமாற்றம் ஓட்டம். இது மடியில் உட்காரும் நாய் என்பது பாதி உண்மை. மறு பாதி, கண்ணால் கண்டு துரத்தும் வேட்டைநாய். நம் சிப்பிப்பாறை, கன்னி நாய்களின் அதே குணம், நான்கைந்து கிலோ உடம்பில். அணிலோ பூனையோ காற்றில் பறக்கும் பாலித்தீன் பையோ கண்ணில் பட்டால் காது அடைத்துக்கொள்ளும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும் என்ற நம்பிக்கையில் தெருவில் அவிழ்த்துவிடக் கூடாது, எவ்வளவு பழக்கியிருந்தாலும். மொட்டைமாடியில் ஓடவிடுபவர்கள் கைப்பிடிச் சுவரைப் பார்க்க வேண்டும். புறா ஒன்று சுவரில் வந்து உட்கார்ந்தால் சுவருக்கு அந்தப்புறம் என்ன என்று யோசிக்கும் நாய் அல்ல இது. பால்கனி கிரில்லில் பத்து செ.மீ. இடைவெளி இருந்தால் குட்டி புகுந்துவிடும், மார்பு அவ்வளவு குறுகல். வலை அடித்த பிறகே குட்டியைக் கொண்டுவர வேண்டும்.

கழுத்துப் பட்டையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இதன் தலை கழுத்தைவிடக் குறுகியது. சாதாரண பெல்ட்டைப் போட்டு இழுத்தால், பின்னால் ஓரடி வைத்துத் தலையைச் சுருக்கென்று உருவிக்கொள்ளும். இரண்டு வளையம் கொண்ட மார்டிங்கேல் பட்டைதான் சரி, இழுக்கும்போது மட்டும் ஓரளவு இறுகும். அகலம் இரண்டரை செ.மீ.க்குக் குறையக் கூடாது. மெல்லிய பட்டை மூச்சுக்குழாயை அழுத்தும். இறுகிய நிலையில் இரண்டு விரல் நுழைய வேண்டும், காதைத் தாண்டி வரக் கூடாது.

தெருநாய்கள் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், வெளிநாட்டுப் புத்தகங்களில் அது இருக்காது. நம் தெருநாய் பெரும்பாலும் ஓடுவதைத்தான் துரத்தும். இத்தாலியன் கிரேஹவுண்டோ பயந்தால் முதலில் செய்வது ஓட்டம். பட்டையை உருவிக்கொண்டு ஓடிவிட்டால் உங்களால் பிடிக்க முடியாது, மணிக்கு 35, 40 கி.மீ. வேகம். பிரச்சினை உள்ள தெருமுனையைத் தவிர்த்து நடைப்பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாய்கள் நெருங்கினால் உங்கள் உடம்பை நடுவில் வைத்து நிதானமாக நகர வேண்டும். அப்படிப் பாதையே இல்லாத பகுதியில் குடியிருப்பவர் இந்த நாயை வாங்காமல் இருப்பதே நல்லது. தினமும் பயந்துகொண்டே நடக்கும் நாய் சீக்கிரம் வெளியே வரவே மறுக்கும்.

வெயில் நம் ஊரில் பெரிய தடையில்லை. மூக்கு நீளம், முடி குட்டை, பக் நாய்போல மூச்சுத் திணறாது. காலை ஏழுக்கு முன்பும் மாலை ஆறுக்குப் பின்பும் நடத்திப்போனால் போதும். தார் ரோட்டில் புறங்கையை ஐந்தாறு நொடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. பிரச்சினை குளிர். அடிமுடி இல்லை, தோலுக்குக் கீழே கொழுப்பும் இல்லை. ஏசியை 18-ல் வைத்துத் தூங்கும் வீட்டில் இது நடுங்கும். 25, 26 போதும், கூட ஒரு போர்வை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வளர்ப்பவர்களுக்கு ஸ்வெட்டர் செலவு அலங்காரக் கணக்கில் சேராது. போர்வை என்றதும் ஒரு எச்சரிக்கை. போர்வைக்குள் புகுந்துகொண்டு தூங்குவதுதான் இந்த நாயின் பரம சுகம். வெளியிலிருந்து பார்த்தால் கசங்கிய துணிபோலத்தான் தெரியும். சோபாவிலோ கட்டிலிலோ போர்வை கிடந்தால் கையால் தடவிப் பார்க்காமல் யாரும் உட்காரக் கூடாது, விருந்தாளி உட்பட.

பல், இந்த இனத்தின் நிரந்தரச் செலவு. குறுகிய தாடையில் பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். காரை படிந்து மூன்று வயதிலேயே ஈறு இறங்கிவிடும். தினமும் நாய்களுக்கான பேஸ்ட்டில் துலக்க வேண்டும். நம் பேஸ்ட் கூடாது, அதை விழுங்கிவிடும், சைலிட்டால் சேர்த்த பேஸ்ட் என்றால் நாய்க்கு அது நஞ்சு. ஆறேழு மாதத்தில் பால் கோரைப்பல் விழாமல் பக்கத்திலேயே புதுப் பல் முளைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விழாவிட்டால் எடுத்துவிட வேண்டும். எனாமல் சரியாக உருவாகாமல் பற்கள் சிறுத்துப் பழுப்பேறி வரும் பரம்பரைக் கோளாறு ஒன்றும் இந்த இனத்தில் உண்டு. தாய், தந்தை இரண்டுமே அந்த மரபணுவைச் சுமந்தால்தான் குட்டிக்கு வரும். மரபணுச் சோதனை இருக்கிறது, விற்பவரிடம் அந்த முடிவைக் கேட்கலாம். நீலச் சாம்பல் நிறத்துக்குக் கூடுதல் விலை சொன்னால் இன்னும் கவனம். அந்த நிறத்துக் குட்டிகளில் சில வளர வளர முதுகு முடியை இழக்கும், அதற்கு மருந்தில்லை.

மயக்க மருந்து பற்றி ஒரு வரி. கொழுப்பு குறைந்த இந்த வேட்டைநாய் வகைகளுக்குத் தயோபென்டோன் போன்ற பழைய மருந்துகளிலிருந்து மீண்டெழ நேரமாகும். அறுவை மேஜையில் உடம்புச் சூடும் சீக்கிரம் இறங்கிவிடும். கருத்தடைக்கோ பல் சுத்தத்துக்கோ கொண்டுபோகும்முன், எந்த மருந்து, சூடேற்றும் மெத்தை உண்டா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதில் கூச்சம் வேண்டாம்.

இனி வாங்குவது. இந்த இனம் நம் பக்கம் அபூர்வம். அபூர்வமான பொருளில்தான் போலி அதிகம். இரண்டு மாதச் சிப்பிப்பாறைக் குட்டியை இத்தாலியன் என்று காட்டினால் புதியவர் நம்பிவிடுவார். எடை போட்டுப் பாருங்கள். அந்த வயதில் இத்தாலியன் கிரேஹவுண்ட் பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்கும். பாதம் உடம்புக்குப் பெரிதாகத் தெரிந்தால், வளர வேண்டியது நிறைய பாக்கி இருக்கிறது என்று பொருள். மினியேச்சர் பின்ஷர் என்ற இன்னொரு சிறு இன நாய்க்கு முதுகு நேராகக் கட்டம்போல இருக்கும். இத்தாலியனுக்கு இடுப்புப் பக்கம் லேசாக வளைந்து, வால் தாழ்ந்து, காது பின்னோக்கி மடிந்திருக்கும். கென்னல் கிளப் ஆஃப் இந்தியா சான்றிதழ் தந்தால், அதிலுள்ள மைக்ரோசிப் எண்ணை மருத்துவரிடம் கொண்டுபோய் ஸ்கேன் செய்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகு முழுப் பணத்தைக் கொடுக்கலாம். நாய் இறக்குமதிக்கு மத்திய அரசு 2016-ல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நேராக இத்தாலியிலிருந்து வந்தது என்பவரிடம் அதற்கான காகிதத்தைக் கேளுங்கள். 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது, விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். தாய் நாயைக் காட்ட மறுப்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

வேலைக்குப் போகும் தம்பதி, காலை எட்டு முதல் மாலை ஆறு வரை வீடு பூட்டு என்றால் இந்த நாய் கூடாது. நான்கு மணி நேரத்துக்கு மேல் தனியே விட்டால் ஊளையிடும், கதவைப் பிறாண்டும், பயிற்சி கொடுத்ததெல்லாம் போகும். பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் இந்த நாய்கள்மேல் உயிரையே வைத்திருந்தார். போட்ஸ்டாம் நகரத்துச் சான்சூசி அரண்மனையில் அவற்றைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே தன்னையும் புதைக்கச் சொன்னார். 1786-ல் இறந்தவருக்கு 1991-ல்தான் அந்த ஆசை நிறைவேறியது. அரண்மனையில் கூப்பிட்ட குரலுக்கு ஆள் உண்டு. நம் ஃபிளாட்டில் கூரியர் பையன் மணியடித்தால் நாமேதான் கதவைத் திறக்க வேண்டும், அந்த இடுக்கில்தான் இது நழுவும்.

பெரிய பிள்ளைகள் உள்ள வீடு, பணி ஓய்வு பெற்றவர்கள், வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள், நாள் முழுக்க ஒரு நாய் ஒட்டிக்கொண்டு திரிவதை விரும்புபவர்கள், இவர்களுக்கு இதைவிட இனிய துணை அரிது. 12 முதல் 15 ஆண்டு வாழும். அவர்களுக்கும்கூட, குட்டிக்குப் பதில் இரண்டு வயது தாண்டிய நாய் கிடைத்தால் அதை எடுங்கள் என்பதே யோசனை. எலும்பு கெட்டிப்பட்டிருக்கும், பல்லின் நிலை கண்ணுக்குத் தெரியும், மூத்திரப் பழக்கம் எந்த மட்டில் என்பதும் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

அடுத்த முறை இந்த இனத்தைப் பற்றி எழுதும்போது, நாய் தரையில் நிற்கும் படமாகப் பார்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர் ஒருவர்,
கோயம்புத்தூர்.